கரண்டு இல்லாத ஒரு கம்பி

சார், ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம். தெருவுக்கு மேலே இன்னொரு தெரு. அதில் நடப்பது காகம் மட்டும். அது இருந்தால் எனக்கு மரியாதை, இல்லாவிட்டால் தெருவுக்கு மரியாதை. அது என்ன?

யோசியுங்கள், அவசரமில்லை. நீங்கள் மீட்டர் பெயர் மாற்றத்துக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? கையில் பத்திர ஜெராக்ஸைப் பார்த்தேன். ஏ.இ. சார் லைன் பார்க்கப் போயிருக்கிறார். வர முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்தப் பக்கம் பெஞ்சுக் கால் ஆடும், இப்படி நகர்ந்து உட்காருங்கள்.

தெரியவில்லையா? கரண்டு கம்பி, சார். இந்த ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இது தெரியவில்லை என்றால் எப்படி?

நான் மனு கொடுக்க வரவில்லை. கொடுத்த மனுவைத் திரும்ப வாங்க வந்திருக்கிறேன். அதற்கும் ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று உள்ளே இருக்கிற அம்மா சொன்னார்கள். எழுதிக் கொண்டுவந்துவிட்டேன். அதோ, வெளியே வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருக்கிறதே பதினெட்டு அடி மூங்கில், நுனியில் கவையோடு, சைக்கிள் டியூப் சுற்றி, அதுவும் என்னுடையதுதான், இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று கொண்டுவந்தேன். அதைப் பற்றித்தான் பேச்சு.

என் பெயர் முப்பிடாதி. பிளைவுட் கடையில் வேலை. ஆனால் ஓலைக்கடைத் தெருவில் வந்து பிளைவுட் கடை முப்பிடாதி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கம்பி தூக்குகிறவர் வீடு எது என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள்.

எங்கள் தெருவில் உச்சிமாகாளி அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் கொடைத் திருவிழா. கொடை அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அம்மன் சப்பரத்தில் தெருவைச் சுற்றி வருவாள். தெருவுக்கு முதல் முதலாகக் கரண்டு வந்த வருஷம், சப்பரத்துக் கலசம் போய்க் கம்பியில் இடித்து நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அப்போது என் தாத்தா துணி காயப்போடுகிற மூங்கிலை எடுத்து வந்து கம்பியைத் தூக்கிப் பிடித்தார். சப்பரம் போனது. அன்றைக்குக் கோயில் மரியாதையாக அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். மறு வருஷமும் கட்டினார்கள். மூன்றாவது வருஷம் அது உரிமை ஆகிவிட்டது. கமிட்டித் தலைவருக்கு முதல் பரிவட்டம், சப்பரம் செய்கிற ஆசாரிக்கு இரண்டாவது, எங்களுக்கு மூன்றாவது.

லைனை ஆஃப் பண்ணிவிடுவார்கள், சார், பயப்படாதீர்கள். லைன்மேன் வந்து பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். சப்பரத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் வரும்.

தாத்தா காலத்தில் இரண்டு கம்பி. அப்பா காலத்தில் ஏழு. என் காலத்தில் நாற்பத்து மூன்று. ஈபி கம்பி பதினொன்று, கேபிள் டிவி பதினேழு, நெட் ஒன்பது, போன் நாலு, யாருடையது என்று யாருக்குமே தெரியாதது இரண்டு. தாத்தாவும் அப்பாவும் சேர்ந்து தூக்கியதைவிட நான் ஒரே சாயங்காலத்தில் தூக்கியது அதிகம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கணக்குக்குச் சொல்கிறேன்.

தெரு அரை கிலோமீட்டர்தான். அதைக் கடக்கச் சப்பரத்துக்கு நாலு மணி நேரம் ஆகும். ஐந்தடி போகும், நிற்கும். நான் தூக்குவேன். ஐந்தடி போகும், நிற்கும். நான் தூக்குவேன். ஜனம் எல்லாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிடும். அம்மனைத்தான் கும்பிட்டார்கள் என்று என் பெண்டாட்டி சொர்ணம் சொல்வாள். நான் அம்மனுக்கு முன்னால்தானே நடக்கிறேன்? யார் முதலில் கண்ணில் படுவார்? சொல்லுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மாநகராட்சியில் எங்கள் தெருவை எடுத்தார்கள். மாதிரித் தெரு ஆக்கப் போகிறோம் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஜாய்ஸ் மேடம் என்று ஒரு இன்ஜினீயர். சின்ன வயசு. பெரிய படம் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். படத்தில் எங்கள் தெரு இருந்தது, ஆனால் எங்கள் தெரு மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் நடைபாதை, மரக்கன்று, ஒரு பொம்பளப் பிள்ளை சைக்கிள் ஓட்டுகிறது. மேலே வெறும் வானம்.

நான் எழுந்து போய்ப் படத்தைத் தடவிப் பார்த்தேன். "மேடம், கம்பியெல்லாம் எங்க?"

"எல்லாம் கீழ போயிரும்ணே. ஈபி, கேபிள், நெட்டு எல்லாமே தரைக்கு அடியில குழாய்க்குள்ள. போஸ்ட்டும் எடுத்திருவோம்."

மண்டபமே கைதட்டியது. என் மச்சான் இசக்கிராஜ், என் சொந்தப் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி, அவனும் கைதட்டினான்.

"அப்ப நான் எதைத் தூக்க?" என்று கேட்டேன்.

மேடத்துக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கினார்கள். நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. "இதுதான் உங்க வேலையாண்ணே?" என்றார்.

"வேலை பிளைவுட் கடையில. இது உரிமை."

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். 'ஆட்சேபம் ஒன்று' என்று போட்டிருந்தது. இரண்டு என்று எதுவும் இல்லை. அந்தத் தெருவில் முந்நூறு பேர் இருக்கிறோம், ஆட்சேபம் ஒன்றே ஒன்று. அப்படிப்பட்ட தெரு, சார்.

மேடம் பொறுமையாகச் சொன்னார்: "போன மழைக்குக் கம்பி அறுந்து விழுந்து மாடு செத்துச்சுல்ல?"

"அது பக்கத்துத் தெரு மாடு" என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். "மரக்கன்று வைக்கிறோம்ல, புங்கை. அது வளர்ந்து கிளை ரோட்டுக்கு வந்தா நீங்க கிளையத் தூக்கலாமே."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"எட்டு வருஷம் ஆகும்ணே."

கன்று வைத்த அன்றிலிருந்து நான் தினமும் கடைக்குப் போகும்போது டேப் வைத்து அளந்து பார்க்கிறேன். பிளைவுட் கடை டேப். போன வாரம் வரை ஒரு அடி எட்டு அங்குலம்.

வேலை ஆரம்பித்து ஏழு மாதம் தோண்டினார்கள். முதலில் கேபிள் டிவி வயர் இறங்கியது, பிறகு நெட், பிறகு போன். யாருடையது என்று தெரியாத இரண்டையும் வெட்டினார்கள். வெட்டியதால் எந்த வீட்டிலும் எதுவும் நிற்கவில்லை. முப்பது வருஷமாக எங்கள் வீட்டார் அதைத் தூக்கிக்கொண்டிருந்தோம். கடைசியாக ஈபி கம்பி. நாலு கம்பி என் வீட்டு மொட்டை மாடிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் போகும். அவ்வளவு பக்கம். அதனால்தான் என் மகள் கனிஷ்கா பிறந்த நாளிலிருந்து மாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி என் அரைஞாண் கயிற்றில். துணியெல்லாம் வீட்டுக்குள்ளேதான் காயும். கம்பி போன மறுநாள் சொர்ணம் வந்து என் இடுப்பிலிருந்து சாவியை அவளே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். கேட்கக்கூட இல்லை.

அன்றிலிருந்து கனிஷ்காவைக் கீழே பார்க்கவே முடியாது. பதினொரு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு மாடிக்கு ஓடிவிடுவாள். சாக்பீஸால் பாண்டிக் கட்டம் வரைந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பிள்ளை, எதிர்வீட்டு மாடியில் ஒரு பிள்ளை. மூன்றும் தெருவுக்கு மேலே கத்திக் கத்திப் பேசும். சாப்பிடக் கூப்பிட்டால் "இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா." எனக்கு என்ன வருத்தம் என்றால், எங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்திருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு அது தெரியவே இல்லை.

கொடை வந்தது. கமிட்டித் தலைவர் காசிராமன் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு விட்டார். பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான்.

"வே முப்பிடாதி, இந்த வருஷம் நீரு சும்மா முன்னால நடந்து வாரும். பரிவட்டத்தக் கட்டிருதோம். உம்ம உரிமைய யாரும் பறிக்கல."

"சும்மா நடக்கதுக்குப் பரிவட்டமா? நான் என்ன பிச்சையா கேக்கேன்?" என்றேன். "தூக்கினாத்தான் வாங்குவேன்."

"எதத் தூக்கப் போறீரு? வானத்தையா?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வழி தெரிந்துவிட்டது. கடையிலிருந்து நைலான் கயிறு நாற்பது அடி வாங்கினேன். ஒரு முனையை மச்சான் இசக்கிராஜ் கையில் கொடுத்தேன், இன்னொரு முனையைக் கேபிள் டிவி பாபு கையில். அவன் சும்மாதான் இருந்தான், அவனுக்கும் தூக்கிக் கட்ட வயர் இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஏணியில் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்க வேண்டும். சப்பரம் வரும்போது கயிற்றைத் தாழ்த்த வேண்டும். நான் தூக்குவேன். சப்பரம் போகும். உடனே இரண்டு பேரும் இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி, அடுத்த இடத்தில் மறுபடி ஏற வேண்டும். நாற்பத்து மூன்று இடம். பழைய கம்பி எங்கெங்கே இருந்ததோ அங்கங்கே சுண்ணாம்பால் புள்ளி வைத்துவிட்டேன். வழக்கம் பிசகக் கூடாது பாருங்கள்.

ஐந்து மணி நேரம் ஆனது. பழையதைவிட ஒரு மணி நேரம் கூட. கரண்டு நிற்கவில்லை, தெரு விளக்கு எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் ஜெனரேட்டர் பின்னால் வந்தது. பதினாறாவது கம்பியில் சப்பரம் இழுக்கிறவர்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இருபத்தேழாவதில் பாபு ஏணியிலிருந்து வழுக்கிக் கயிற்றோடு தொங்கினான். நான் அவனையும் சேர்த்துத் தூக்கினேன். நாற்பத்து மூன்றும் முடிந்து கோயில் வாசலுக்கு வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு பூசாரி முன்னால் தலையைக் குனிந்தேன். பக்கத்தில் பார்த்தால் இன்னும் இரண்டு தலை குனிந்திருக்கிறது. இசக்கிராஜும் பாபுவும்.

"என்னடா?" என்றேன்.

"நாங்க தாழ்த்தலேன்னா நீரு எதத் தூக்கியிருப்பீரு, அத்தான்?" என்றான் இசக்கிராஜ். "எங்களுக்கும் கட்டச் சொல்லும்."

"தூக்குறவன் ஒரு ஆளு. ஏறி இறங்குனது நாங்க ரெண்டு பேரு. எண்பத்தாறு தடவ" என்றான் பாபு.

பூசாரி கையில் இருப்பது ஒரே துணி. எதிரே மூன்று தலை. அவர் எங்களைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். பிறகு பரிவட்டத்தைக் கொண்டுபோய் என் கம்புக்குக் கட்டிவிட்டார்.

கம்புக்கு, சார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். ஆளை வைத்துப் பிடிக்கிற கயிறு வேண்டாம். ஆள் இல்லாமல் தானே நிற்கிற ஒரு கம்பி வேண்டும். ஒன்று போதும். இந்த ஆபீஸுக்கு வந்து மனு கொடுத்தேன். 'ஓலைக்கடைத் தெருவின் குறுக்கே, கரண்டு இல்லாமல், ஒரே ஒரு கம்பி கட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' ஏ.இ. சார் இரண்டு தடவை படித்தார்.

"கரண்டு வேண்டாமா?"

"வேண்டாம் சார்."

"அப்புறம் எதுக்கு ஈபிக்கு வந்தீங்க?"

"கம்பின்னா நீங்கதானே, சார்."

அவர் மனுவைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். போஸ்ட் இல்லையே, எங்கே கட்டுவது என்றார். என் வீட்டு மொட்டை மாடியில் கட்டிக்கொள்ளுங்கள் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரரிடமும் வாங்கிவிட்டேன், அவருக்கு நான் கட்டில் செய்ய மலிவு விலையில் பலகை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் ஏ.இ. சார், "கோயில் கமிட்டி தீர்மானம் ஒண்ணு கொண்டுவாங்க, அப்புறம் பாப்போம்" என்றார். என்னைக் கிளப்பத்தான் சொன்னார் என்று சொர்ணம் சொல்கிறாள். அவளுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது.

கமிட்டி கூடியது. பதினான்கு பேர். ஏழு பேர் கம்பி வேண்டும் என்றார்கள். ஒரே கம்பி என்றால் சப்பரம் ஒரே இடத்தில்தான் நிற்கும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஏழு பேர் கம்பியே வேண்டாம் என்றார்கள். அண்ணாச்சி மேஜையைத் தட்டினார்.

"பூக்கட்டிப் பாத்திருவோம். அம்மா சொல்லட்டும்."

உங்கள் பக்கம் உண்டா, சார், இந்த வழக்கம்? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போல இருக்கும். ராத்திரி முழுக்க அம்மன் காலடியில் இருக்கும். காலையில் ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். எது வருகிறதோ அதுதான் அம்மன் வாக்கு. மேல் பேச்சு கிடையாது.

"நல்லாக் கேட்டுக்கோரும்" என்றார் அண்ணாச்சி. "வெள்ளை வந்தா கம்பி. உமக்குப் பரிவட்டம், உமக்குப் பெறவு உம்ம வாரிசுக்கும். சிவப்பு வந்தா கம்பும் கிடையாது, கயிறும் கிடையாது, மூணாவது மரியாதையே கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். "எங்க கனிஷ்காவே எடுக்கட்டும்."

அண்ணாச்சி மறுக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் பொட்டலம் கட்டினோம். வாழை இலை என் வீட்டிலிருந்துதான் போனது. இரண்டு இலைத் துண்டில் ஒன்றின் நுனியை நகத்தால் லேசாகக் கிழித்திருந்தேன். பூசாரி கட்டும்போது பக்கத்தில் நின்று வெள்ளை எதில் போகிறது என்று பார்த்துக்கொண்டேன். கிழிந்த இலையில் போனது. இதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள். அம்மனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நான் கொஞ்சம் சுலபமாக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, சொர்ணம் அடுப்படியில் இருக்கும்போது கனிஷ்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பொட்டலம் இருக்கும். நுனி கிழிஞ்சதா பாத்து எடுக்கணும். என்ன?"

"ஏன்ப்பா, அதுலதான் வெள்ளையா?"

"ஆமா. வெள்ளை வந்தாத்தான் நமக்கு மரியாதை. எனக்குப் பெறவு கம்பு உனக்குத்தான். பொம்பளப் பிள்ளை தூக்கக் கூடாதுன்னு எவனாவது சொன்னா நான் பாத்துக்கிடுதேன். உன் தலையில பரிவட்டம் கட்டுவாங்க. உங்க டீச்சர்லாம் வந்து பாப்பாங்க."

அவள் தட்டில் மிச்சம் இருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். "கம்பி நம்ம மாடியிலதான் கட்டுவாங்களாப்பா?"

"நம்ம மாடியிலதான். அதுதானே நமக்குப் பெருமை."

"அப்ப நான் மாடிக்குப் போலாமா?"

"கரண்டு இருக்காதுதான். இருந்தாலும் கம்பி கம்பிதானே? பூட்டிருவோம். நீ பெரிய பிள்ளையானதும் சாவிய உன் கையிலயே தந்திருதேன்."

"சரிப்பா" என்றாள். தட்டைக் கழுவிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். சொன்னதைப் புரிந்துகொள்கிற பிள்ளை, சார். வகுப்பில் முதல் மூன்று ராங்குக்குள் வருவாள். ஒரு தடவை சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருவே கோயிலில் நின்றது. ஜாய்ஸ் மேடம்கூட வந்திருந்தார். நடைபாதையில் கல் பெயர்ந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர், கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார். கனிஷ்காவைத் தலைக்குக் குளிக்க வைத்து, பட்டுப் பாவாடை கட்டி, சொர்ணம் கூட்டிக்கொண்டு வந்தாள். பூசாரி சூடம் காட்டினார். தட்டில் இரண்டு பொட்டலம். கிழிந்த நுனி எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நல்ல வெளிச்சம். யாரும் தள்ளவில்லை, யாரும் மறைக்கவில்லை. நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"எடும்மா" என்றார் பூசாரி.

கனிஷ்கா குனிந்து கிழிந்த இலைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். திருப்பி, நுனியைப் பார்த்தாள். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். மற்றதை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள்.